இத்தனை பசியா இந்தச் சின்னக் கருவிக்கு?

செல்போன் சிக்னல் எட்டாத இடங்களுக்குப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோகும் சாட்டிலைட் மெசெஞ்சர் பற்றிப் போன இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கருவி. குட்டிச் செய்தி அனுப்பும், நாம் இருக்கும் இடத்தை வீட்டுக்குச் சொல்லும், ஆபத்தென்றால் எஸ்ஓஎஸ் கொடுக்கும். ‘எதை வாங்கலாம்?’ என்று கேட்டுத்தான் கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்ததில் முக்கால்வாசி, ‘சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பல். சரி, இந்த இதழ் முழுக்க பேட்டரி பஞ்சாயத்துதான்.

கேள்வி: பெட்டியில் ‘14 நாள் வரை’ என்று போட்டிருந்தது. அடர்ந்த காட்டுக்குள் ஆறு நாள் நடை. நூறு சதவீதத்தோடு கிளம்பினேன். நாலாம் நாள் காலையில் கருவி கண்ணை மூடிவிட்டது. விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்களா, இல்லை என் கருவி மட்டும் கோளாறா?
— காட்டுநடை வாசகர்

இரண்டும் இல்லை சார். அந்த ‘வரை’ என்ற சொல்லுக்குள்தான் கதை முழுக்க ஒளிந்திருக்கிறது. கார்மின் இன்ரீச் மினி 2 என்ற கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருப்பிடத்தை அனுப்பினாலும் 14 நாள் வரை வரும் என்பார்கள். தலைக்கு மேல் தடையே இல்லாத வானம் இருந்தால் வரும். மரத்தடி என்றால் அதில் பாதிகூடக் கிடைக்காது என்பதையும் அவர்களே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நாம் பெரிய எழுத்தைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? செல்போன் டவர் நட்ட இடத்தில் நிற்கும். சாட்டிலைட் நிற்காது. இந்தக் கருவிகளில் பல நம்பியிருக்கும் இரிடியம் கூட்டத்தில் 66 சாட்டிலைட்டுகள், தரையிலிருந்து சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பூமியை ஒரு சுற்றுச் சுற்ற ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 100 நிமிடம். அடிவானத்தில் முளைத்து, தலைக்கு மேலே ஏறி, எதிர்ப்பக்கம் மறைவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அதுவும் நாலு பக்கமும் வெட்டவெளியாக இருந்தால். இரண்டு மலைக்கு நடுவே நின்றால் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். அந்தக் கீற்றை சாட்டிலைட் கடக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கருவி தன் வேலையை முடித்தாக வேண்டும்.

அந்த வேலை இதுதான்: கருவி செய்தியை மேலே அனுப்பும். ‘வந்து சேர்ந்தது’ என்று மேலேயிருந்து பதில் வரும். பதில் வந்த மறுகணம் கருவி தூங்கப் போய்விடும். பதில் வராவிட்டால்? மறுபடி அனுப்பும். அப்புறம் மறுபடி. கூப்பிட்டு யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் நாம் குரலை உயர்த்திக் கூப்பிட்டுக்கொண்டே இருப்போமே, அதே கதைதான். அனுப்பும் அந்தக் கணத்தில் இந்த ரக ரேடியோக்கள் ஒரு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தூங்கும்போது அதில் ஒரு துளிகூட வேண்டாம். ஆக, உங்கள் பேட்டரி தீர்ந்தது நாலு நாளில் என்று சொல்வதைவிட, இத்தனை ஆயிரம் கத்தலில் என்று சொல்வதுதான் சரி.

காடு இந்தக் கத்தலைப் பெருக்கிவிடும். இந்த அலைவரிசையை இலை விழுங்கும். மழையில் நனைந்த இலை இன்னும் விழுங்கும், ஏனென்றால் உண்மையில் விழுங்குவது தண்ணீர். அந்தக் கணக்கில் நம் உடம்பும் ஒரு நடமாடும் தண்ணீர்க்குடம்தான். கருவியை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் பாதி வானத்தை நம் உடம்பே மறைத்துவிடும்.

போன வருடம் ஒரே முகாமில் இரண்டு இரவு தங்க நேர்ந்தது. முதல் இரவு, ட்ராக்கிங்கை (கருவி தானாகவே இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டிருப்பதை) நிறுத்த மறந்து, கருவியை முதுகுப்பையின் மூடிப் பாக்கெட்டில் வைத்தபடியே தூங்கிவிட்டேன். பையின்மேல் ஒரு ஸ்டீல் பாத்திரம், அதற்குமேல் ஈரச் சட்டை. படுக்கும்போது 81 சதவீதம், எழும்போது 62. மறுநாள் கோபத்தில் ஒரு பரிசோதனை செய்தேன். வேண்டுமென்றே ட்ராக்கிங்கை ஓடவிட்டு, கூடாரத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு பாறைமேல், ஆண்டெனா வானத்தைப் பார்க்க நிறுத்திவைத்தேன். படுக்கும்போது 57, எழும்போது 53. அதே கருவி, அதே ஊசிமுனை ஆண்டெனா, அதே பத்து நிமிட இடைவெளி. மாறியது அந்தப் பாத்திரமும் சட்டையும்தான்.

அதனால் அடுத்த தடவை இப்படிச் செய்து பாருங்கள். கருவியைத் தோள்பட்டை வாரில், ஆண்டெனா மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். பக்கத்தில் உலோகத் தண்ணீர்க்குடுவை வேண்டாம். மரங்கள் கூரை போட்டதுபோல் மூடிவிட்ட பகுதிக்குள் நுழையும்போது ட்ராக்கிங்கை நிறுத்திவிடுங்கள். ஆற்றங்கரையோ, மரம் சாய்ந்து திறந்த இடமோ வரும்போது நின்று, நீங்களே கையால் ஒரு இருப்பிடச் செய்தி அனுப்பி, போய்விட்டதா என்று பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: போன இதழில் ‘ப்ளூடூத்தை அணைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்’ என்று எழுதியிருந்தீர்கள். அணைத்தேன். ஒன்றும் தீரவில்லை. யோசித்துத்தான் எழுதினீர்களா?
— கோபக்கார வாசகி

அம்மா, மாட்டிக்கொண்டேன். அந்த வரி கொஞ்சம் அதிகப்படி. ப்ளூடூத் குடிப்பது சொட்டுச் சொட்டாகத்தான். சாட்டிலைட் ரேடியோவின் பசிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. நான் எழுத நினைத்தது வேறு: போனோடு இணைத்து வைத்திருக்கும்போது நாம் அடிக்கடி செயலியைத் திறக்கிறோம். ‘செய்தி வந்திருக்கா?’ என்று பொத்தானைத் தட்டுகிறோம். ஒவ்வொரு தட்டலுக்கும் கருவி எழுந்து வானத்தை நோக்கிக் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. பேட்டரியைத் தின்றது நம் விரல். பழியை ப்ளூடூத்மேல் போட்டுவிட்டேன்.

தானாகச் செய்தி இருக்கிறதா என்று பார்க்கும் இடைவெளியைப் பல கருவிகளில் மாற்றலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்று இருப்பதை ஒரு மணி நேரமாக்குங்கள். வித்தியாசம் தெரியும். ப்ளூடூத்தையும் சேர்த்து அணைத்தால் எனக்கு ஒரு மானம் மிஞ்சும்.

கேள்வி: பனிமலைக் கணவாய் ஒன்றில் 45 சதவீதம் காட்டிய கருவி, செய்தி அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் பட்டென்று அணைந்துவிட்டது. இரவு தூக்கப்பைக்குள் வைத்திருந்து காலையில் போட்டால் 41 காட்டுகிறது! எந்த எண்ணை நம்புவது?
— மலையேற்ற வாசகர்

இரண்டையும் நம்பலாம். சார்ஜ் உள்ளேதான் இருந்தது. குளிரில் வெளியே வர முடியவில்லை, அவ்வளவுதான்.

லித்தியம் அயான் பேட்டரிக்குள் மின்னூட்டம் ஒரு திரவத்தின் வழியாக நகர வேண்டும். குளிரில் அந்த நகர்வு மந்தமாகிவிடும், உள்தடை ஏறிவிடும். கருவி தூங்கும்போது இது தெரியாது, ஏனென்றால் அப்போது அது கேட்பது ஒரு சொட்டு. செய்தி அனுப்பும் கணத்தில் திடீரென்று பெரிய மிடறாகக் கேட்கும். பேட்டரி மூச்சுத் திணறும், வோல்டேஜ் சரிந்துவிடும். சரிவைப் பார்த்த கருவி ‘காலி’ என்று முடிவு கட்டி அணைந்துவிடும். சூடு ஏறியதும் அதே பேட்டரி ‘நான் இருக்கிறேனே’ என்று எழுந்து நிற்கும். சதவீத எண் ஒரு மதிப்பீடுதான், அளவுகோல் வைத்து அளந்தது இல்லை. குளிரில் அந்த மதிப்பீடு தடுமாறும்.

பரிகாரம் எளிது, ஆனால் ஒரு தர்மசங்கடம் உண்டு. சூடாக இருக்க வேண்டுமானால் கருவி உள்சட்டைப் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வானம் தெரிய வேண்டுமானால் தோள்பட்டையில் இருக்க வேண்டும். கடுங்குளிரில் நான் ட்ராக்கிங்கை அறவே நிறுத்திவிட்டு, கருவியை ஆஃப் செய்து நெஞ்சோடு வைத்துக்கொள்வேன். மணி பன்னிரண்டுக்கு ஒரு தடவை, முகாம் போட்டதும் ஒரு தடவை வெளியே எடுத்து, செய்தி போனதும் திரும்ப உள்ளே. இரவு தூக்கப்பைக்குள், கால்மாட்டில் இல்லை, வயிற்றுப் பக்கம். கால்மாட்டில் வைத்து ஒரு தடவை பட்டிருக்கிறேன். என் கால் அந்த இரவு கருவியைவிடக் குளிர்ந்துபோயிருந்தது.

இன்னொன்று இதைவிட முக்கியம். உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றாதீர்கள். அப்போது லித்தியம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குள் நுழையாமல் மேற்பரப்பில் உலோகப் படலமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். நல்ல கருவிகள் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். ‘கேபிள் போச்சு’ என்று நாம் கேபிளைத் திட்டிக்கொண்டிருப்போம். முதலில் கருவியை அரைமணி நேரம் சட்டைக்குள் வையுங்கள். வெளியே எடுத்ததும் சார்ஜ் துளையில் ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு, அப்புறம் கேபிளைச் செருகுங்கள்.

கேள்வி: என்னுடையது செல் போடும் ரகம். குளிருக்கு எந்த செல்?
— அதே மலைக்குப் போக இருப்பவர்

லித்தியம் செல். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆல்கலைன் வேண்டாம். உள்ளே இருப்பது தண்ணீர் கலந்த கரைசல், குளிரில் படுத்துவிடும். சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம் செல் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி வரை வேலை செய்யும், எடையும் குறைவு. ஒரு தொந்தரவு மட்டும் உண்டு: கடைசி வரை வோல்டேஜ் இறங்காமல் அப்படியே நிற்கும். கருவி ‘நிறைய இருக்கிறது’ என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று விழுந்துவிடும். பாதி தீர்ந்த செல்லோடு கிளம்பாதீர்கள். மாற்று செட் ஒன்று பையில் இருக்கட்டும்.

கேள்வி: நான் பயணம் போனால் என் மனைவி வரைபடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புள்ளி நகராவிட்டால் அழுகை. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருப்பிடம் போகும்படி இரவு பகலாக வைத்திருக்கிறேன். பேட்டரி தாங்கவில்லை. அரைமணி என்று மாற்றினால் மூன்று மடங்கு நாள் வருமா?
— குடும்பஸ்தர்

கணக்கைப் பார்ப்போம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 144 செய்தி. அரைமணிக்கு ஒன்று என்றால் 48. ஆனால் மூன்று மடங்கு நாள் வராது. இடையில் ஜிபிஎஸ், வந்த செய்தியைப் பார்ப்பது, சும்மா ஆன் ஆகியிருப்பது என்று தனிச் செலவுகள் இருக்கின்றன. கணிசமாகக் கூடும், அவ்வளவு சொல்லலாம்.

எனக்குப் புரியாதது அந்த ‘இரவு பகலாக’. தம்பி, கூடாரம் இரவில் எங்கே நடந்து போகப்போகிறது? நடக்கும் எட்டு மணி நேரத்துக்கு மட்டும் பத்து நிமிடம் வைத்தால் 48 செய்திதான், முழு நாள் அரைமணி வைத்ததற்குச் சமம். நடக்கும் நேரத்திலும் அரைமணி என்றால் 16. முகாம் போட்டதும் ‘வந்துவிட்டேன், நலம்’ என்று முன்பே எழுதிவைத்த செய்தியைத் தட்டிவிட்டு அணைத்துவிடுங்கள். இப்படி முன்பே எழுதிவைத்த செய்திகளைப் பல நிறுவனங்கள் மாதாந்தரச் செய்தி எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுகின்றன என்பது கூடுதல் லாபம். உங்கள் திட்டத்தில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டுக்காரம்மாவிடம் உட்கார்ந்து பேச வேண்டியது பேட்டரி அல்ல, மௌனம். புள்ளி நகரவில்லை என்றால் என்னென்ன காரணம் இருக்கலாம் என்று கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: பள்ளத்தாக்கு, மழை, ஓய்வு, சார்ஜை மிச்சம் பிடிப்பது. எத்தனை மணி நேரம் செய்தி இல்லாவிட்டால் கவலைப்பட ஆரம்பிக்கலாம், யாரை அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அது 24 மணி நேரம். அந்தத் தாள் ஒட்டிய பிறகுதான் என் கருவியே நிம்மதியாகத் தூங்கியது.

கேள்வி: இப்போது செல்போனிலேயே சாட்டிலைட் வந்துவிட்டதே, தனிக் கருவி எதற்கு?

2022 நவம்பரில் ஐபோன் 14ல், குளோபல்ஸ்டார் சாட்டிலைட்டுகள் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி வந்தது. நல்ல விஷயம். ஆனால் அந்த போன்தான் உங்கள் கேமரா, வரைபடம், டார்ச், பாட்டுப்பெட்டி எல்லாம். மாலைக்குள் காலி. போதாததற்குத் திரை சொல்லும் திசையில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கை உடைந்தவனால் முடியுமா? இரண்டும் இருக்கட்டும் என்பேன்.

கேள்வி: எஸ்ஓஎஸ் அழுத்த எவ்வளவு சார்ஜ் மிச்சம் வைக்க வேண்டும்? பத்து சதவீதம் போதும் என்று நண்பர் சொல்கிறார். ஒரு பொத்தான் அழுத்துவதற்கு எதற்கு அதிகம்?
— முதல் தடவை போகிறவர்

உங்கள் நண்பர் எஸ்ஓஎஸ் அழுத்தியதில்லை என்று தெரிகிறது. நான் அழுத்தியிருக்கிறேன்.

சரளைக்கல் சரிவு. மதியம் ஒன்றரை மணி. உடன் வந்தவருக்குக் கணுக்கால் பிரண்டுவிட்டது. காலணியைக் கழற்றிப் பார்த்தால் எலும்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கருவியில் 34 சதவீதம். மூடியைத் திறந்து பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அவசர உதவி மையத்திலிருந்து பதில் வர ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடம் எனக்கு ஒரு வருடம். பிறகு ஆரம்பித்தது கேள்விகள். எத்தனை பேர்? அடிபட்டவருக்கு நினைவு இருக்கிறதா? ரத்தப்போக்கு உண்டா? நிற்க முடியுமா? குளிருக்கு உடை இருக்கிறதா? தண்ணீர்? ஹெலிகாப்டர் இறங்கச் சமதளம் இருக்கிறதா? மேகம் எந்த உயரத்தில்? ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் வானத்தைத் தேடும் ஒரு படலம். நடுவில் கருவி தானாகவே இருப்பிடத்தை வேறு திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். மாலை ஐந்தரைக்கு 19 சதவீதம். மேகம் இறங்கிவிட்டது, ஹெலிகாப்டர் இல்லை, காலையில் ஆட்கள் நடந்து வருவார்கள் என்று செய்தி வந்தது.

பவர் பேங்க் இருந்தது. முழுச் சார்ஜோடு இருந்தது. கேபிள்? எங்களுக்கு முன்னால் போய்விட்ட மூன்றாமவர் பையில். அந்த நிமிடம் எனக்கு வந்த கோபம் என்மேல்தான், ஏனென்றால் ‘எடை சமமாகட்டும்’ என்று காலையில் பொருள்களைப் பிரித்துக் கொடுத்தவனே நான்.

கடைசியில் மறுமுனையில் இருந்தவர்களிடமே உண்மையைச் சொன்னேன்: சார்ஜ் 19, ஏற்ற வழியில்லை, நாங்கள் இந்த இடத்தைவிட்டு நகர மாட்டோம். உடனே ஏற்பாடு மாறியது. மணிக்கு ஒரு தடவை, சரியாக மணியடிக்கும்போது ஆன் செய்து பார்க்கிறேன், மற்ற நேரம் அணைத்து வைக்கிறேன் என்று பேசி முடித்தோம். அவர்களிடம் சொல்லாமல் நானாக அணைத்திருந்தால் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். காலையில் மீட்புக்குழுவின் முதல் ஆள் சரிவில் தலைகாட்டியபோது கருவியில் 6 சதவீதம்.

ஆகவே எஸ்ஓஎஸ் ஒரு பொத்தான் அல்ல, மணிக்கணக்கில் நீளும் ஒரு உரையாடல். என் கணக்கில் 40 சதவீதம்தான் பூஜ்யம். அதைத் தொட்டதும் ட்ராக்கிங் கிடையாது, வீட்டுக்கு நலம் விசாரிப்பு கிடையாது, ஏற்றும் வழியைத் தேடுவேன். கேபிள் இப்போது கருவியின் கொக்கியிலேயே ஒரு ரப்பர் வளையத்தில் சுற்றிக் கிடக்கிறது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.

பேச்சே வேண்டாம், ஆபத்தென்றால் மட்டும் குரல் கொடுத்தால் போதும் என்பவர்களுக்குத் தனிநபர் அவசர பீக்கன் என்று ஒரு ரகம் உண்டு. கோஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு மீட்பு ஏற்பாட்டோடு 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். சீல் வைத்த பேட்டரி வருடக்கணக்கில் தூங்கும். அழுத்தினால் குறைந்தது 24 மணி நேரம், ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒரு தடவை, 5 வாட் பலத்தில் கத்தும். நீங்கள் பேசவும் முடியாது, பெரும்பாலான பீக்கன்களில் அங்கிருந்து பதிலும் எதிர்பார்க்க முடியாது. மிக ஒதுக்குப்புறமான இடத்துக்குத் தனியாகப் போகும்போது நான் இரண்டையும் எடுத்துப் போவேன். பேட்டரியில் எழுதியிருக்கும் காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க். கருவியின் பேட்டரி 1,250. எட்டு தடவை ஏற்றலாம் என்று கணக்குப் போட்டேன். ஆறு தடவைக்கே மூச்சு வாங்குகிறது. அதுவும் 95 சதவீதத்தில் பவர் பேங்க் தானாக அணைந்துவிடுகிறது. திருட்டுச் சரக்கா?

ஆறு வந்தால் நல்ல சரக்கு. அந்த 10,000 உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில். வெளியே வருவதோ 5 வோல்ட். ஏற்றி இறக்கும் வழியில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். கருவிக்குள் நுழையும்போது இன்னொரு பங்கு. ஆறு என்பது நியாயமான எண்.

95ல் நிற்பதற்குக் காரணம் வேறு. கருவி நிரம்ப நிரம்பக் குறைவாகக் குடிக்கும். ‘யாரும் குடிக்கவில்லை போலிருக்கிறது’ என்று பவர் பேங்க் கடையை மூடிவிடும். சிலவற்றில் இதற்கென்று குறைந்த மின்னோட்ட முறை இருக்கும். பொத்தானை இரண்டு தடவை தட்டினாலோ அழுத்திப் பிடித்தாலோ வரும். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். 95 போதாதா? லித்தியத்துக்கு நூறில் உட்கார்ந்திருப்பது பிடிக்கவும் பிடிக்காது.

முதுகுப்பைமேல் கட்டும் சோலார் தகடு பற்றியும் இருவர் கேட்டிருந்தீர்கள். நான் வாங்கினேன், சுமந்தேன், இப்போது வீட்டில் இருக்கிறது. நடக்கும்போது வெயில் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம். ஒரே இடத்தில் நாள் முழுக்க முகாம் போடுகிறவர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் அது சரி.

விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும்; 100 வாட் மணி வரை பொதுவாகச் சிக்கல் இல்லை. சாட்டிலைட் கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: சில நாடுகளில் அனுமதியில்லாமல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள்.

கேள்வி: ஒரு வருடம் அலமாரியில் கிடந்தது. எடுத்தால் ஆன் ஆகவே இல்லை.

முழுக்கக் காலியாக வைத்திருப்பீர்கள். பாதிச் சார்ஜில், நன்றாக அணைத்து, வெயில் படாத இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். சுவர் சார்ஜரில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் பாருங்கள், சில சமயம் எழும். எழுந்தாலும் பயணத்துக்கு முன் மொட்டைமாடியில் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

கேள்வி: என் கருவியில் ஒரு சின்ன விளக்கு இரவெல்லாம் கண்சிமிட்டுகிறது. கூடாரத்தில் தூங்க முடியவில்லை, பேட்டரியும் போகுமே என்று கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். சரிதானே?
— தூக்கம் கெட்டவர்

டேப்பைப் பிரியுங்கள். விளக்கு தின்பது எறும்பு தின்பது மாதிரி. ஆனால் அது எதற்காகச் சிமிட்டுகிறது என்று பார்த்தீர்களா? புதுச் செய்தி வந்திருக்கிறது, சிக்னல் இல்லை, செய்தி போகாமல் நிற்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு தாளம் வைத்திருப்பார்கள். கூட வந்த கையேட்டில் இருக்கும். நானும் உங்களைப் போலவே ஒரு தடவை கருவியைக் காலுறைக்குள் திணித்துவிட்டுத் தூங்கினேன். காலையில் திறந்து பார்த்தால், முந்தின இரவு வீட்டுக்குத் தட்டிய ‘குட் நைட்’ போகாமல் அங்கேயே நிற்கிறது. விடிய விடிய அதையே அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.